ப.எண், பு.எண்

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது, நிலைக்கு மேலே எழுதியிருந்த பழைய நம்பரும் மறைந்துபோச்சு. எவர்சில்வர் எழுத்தில் பு.எண் வாங்கிவந்து, தெருவில் வருபவர் கண்ணில் படும்படி கேட் தூணில் டிரில் போட்டு மாட்டலாம் என்றேன். "ப.எண்ணும் போடுடா" என்றார் அப்பா. ஒரே ரெக்கார்டுக்கு இரண்டு ப்ரைமரி கீ! எங்கள் ஆபீஸ் கோட் ரிவ்யூவில் தேறவே தேறாது.

உண்மையில் இந்த ஊருக்கு நம்பரே தேவைப்படவில்லை. பேகோபுரத்துக்குப் பின்னாடி, திருவூடல் தெரு முனையில், ஈசான்ய லிங்கம் தாண்டி என்றால் போதும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் இருக்கும்போது வழி தவறுமா என்ன? சோழர் காலக் கல்வெட்டுகளும் நிலத்தை நான்கெல்லை சொல்லித்தான் அடையாளம் காட்டின. இன்றைய கிரயப் பத்திரத்தில் வரும் 'செக்குபந்தி' அதன் தொடர்ச்சிதான்: கிழக்கே இன்னார் மனை, மேற்கே ரோடு. அக்கம்பக்கத்தைச் சொன்னால்தான் உங்கள் இடம் எது என்று தெரியும்.

நம்பர் வந்தது அக்கம்பக்கம் தெரியாத அதிகாரிக்காக. 1770இல் ஹாப்ஸ்பர்க் பேரரசில் மரியா தெரசா வீடுகளுக்கு எண் போடச் சொன்னது, படைக்கு ஆள் எடுக்க. 1805இல் பாரிஸ் அதை ஒழுங்குபடுத்தியது: ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. நம் ஊரிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருபவர், முதலில் வீடுகளுக்கு எண் போட்டுவிட்டுத்தான் பிறகு ஆட்களை எண்ணுகிறார். மனைகள் பாகம் பிரிந்து, இடையில் புது வீடுகள் முளைத்து வரிசை குலையும்போது பு.எண் பிறக்கிறது. ப.எண் மட்டும் காகிதங்களில் சாகாமல் இருக்கிறது.

வரி வாங்கவும் ஆள் பிடிக்கவும் வந்த சமாச்சாரத்தின் மேல் அப்பாவுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன்.

அவர் இந்த வீட்டுக்கு முதலில் வாடகைக்கு வந்தவர். சொத்து இல்லாதவர் பெயர் யாருடைய செக்குபந்தியிலும் வராது. எல்லையாகக்கூட அவர் இல்லை. "நீ இந்த ஊர்க்காரன்னு எனக்கு முதல்ல எழுதிக் குடுத்தது ரேஷன் கார்டுதான். அதுல இருந்தது அந்த நம்பர்" என்றார்.

தூணில் இப்போது இரண்டும் இருக்கின்றன. ப.எண்ணுக்கு இரண்டு ஸ்க்ரூ கூடுதலாகவே போட்டேன்.