பிளேக்கும் மக்களின் சினமும்: பம்பாய், 1896–98

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் பரவிய காய்ச்சல் பிளேக் என்று, அதாவது அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்ட வைத்துச் சில நாட்களில் உயிரைப் பறிக்கும் கொள்ளைநோய் என்று மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தபோது, அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள அதிகாரிகளே தயங்கினர். தயக்கம் விரைவில் அச்சமாக மாறியது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நகரில் ஏறத்தாழப் பாதிப்பேர் சில மாதங்களுக்குள் ஊரைவிட்டு வெளியேறினர்.

அச்சம் சினமாகத் திரும்பியதற்கு நோயைவிட அரசின் கைகளே காரணமாயின. தொற்றைத் தடுக்க நோயாளிகளை வலிந்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றதும், உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் உயிருடன் திரும்பாததும், உடலிலிருந்து மருந்துக்கு எண்ணெய் எடுப்பதற்காகவே நோயாளிகளைக் கொல்கிறார்கள் என்ற வதந்திக்கு இடமளித்தன. 1896 அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் கூட்டம் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கியது. இது இந்தியருக்கே உரிய அறியாமை என்று அன்றைய ஆங்கிலேயர் கருதியது தவறு. 1831இல் ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் மக்கள் காலரா மருத்துவமனையைச் சூறையாடினர். 1832இல் லிவர்பூலில், பிணங்களை அறுத்துப் பாடம் நடத்தவே மருத்துவர்கள் ஏழைகளைச் சாகடிக்கிறார்கள் என்று கூட்டம் தெருவில் கொதித்தெழுந்தது.

வதந்தி பொய்யாயினும் அதன் அடியிலிருந்த மனக்குறை பொய்யன்று. நோயைப் பரப்புவது எலியிடமிருந்து வரும் தெள்ளுப்பூச்சி என்பது அப்போது நிறுவப்படாத நிலையில், 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் தந்த அதிகாரத்தால் புனேயில் படைவீரர்கள் வீடுகளுக்குள் நுழைந்து, பெண்கள் வாழும் பகுதிகளையும் விடாமல் சோதித்து, உடைமைகளை எரித்தனர். அவ்வாண்டு ஜூன் 22 அன்று, அங்குப் பிளேக் தடுப்புப் பணிக்குத் தலைமை வகித்த ராண்ட் என்ற அதிகாரியைச் சாபேகர் சகோதரர்கள் என்ற புரட்சியாளர்கள் சுட்டனர். அதே நகரில் நோயாளிகளைப் பராமரித்துத் தாமும் பிளேக்கினால் மார்ச்சில் இறந்த சமூகச் சீர்திருத்தவாதி சாவித்திரிபாய் பூலேயை இங்கு நினையாமல் இருக்க முடியாது. வேண்டப்பட்டது எத்தகைய உதவி என்பதை அவர் வாழ்வே காட்டுகிறது.

1898 மார்ச்சில் பம்பாயில் மீண்டும் கலவரம் மூண்டபின் கட்டாயம் படிப்படியாகத் தளர்ந்தது. அந்தந்தச் சமூகத்தாரே நடத்திய மருத்துவமனைகள் பெருகின. நுண்ணுயிரியலாளர் ஹாஃப்கின் உருவாக்கிய பிளேக் தடுப்பூசி விருப்பமுள்ளோர்க்கே போடப்பட்டது. நோய் மட்டும் தணியவில்லை. 1907இல் மட்டும் இந்தியாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பிளேக்கினால் மாண்டனர். ஆயினும் 1898இல் கண்டவை போன்ற கலவரங்கள் அதற்குள் அருகிவிட்டிருந்தன. எலிகள் செத்து விழக் கண்டதுமே, எவரும் ஆணையிடாமலே, பல ஊர் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வயல்வெளிக் குடிசைகளுக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தனர்.