வழிநிலையும் அங்காடியும்

வழிச்செல்வோர் கூடுமிடங்களில் வாணிகத்திற்கு இடந்தருதல் இக்காலத்துப் புதுவழக்கு எனக் கருதுவார் உளர். பேருந்து நிலையக் கடைகளும் தொடர்வண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளும் அக்கருத்திற்கு ஏதுவாயின. அது பொருந்தாமையைப் புளியங்குடி வட்டாரத்துச் சான்றினை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

திருமங்கலத்தினின்று இராசபாளையம், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாய் கடந்து கொல்லம் சேரும் பெருவழி, மலைவளத்தையும் சமவெளி வளத்தையும் இணைப்பதாகும். எலுமிச்சை வாணிகத்தாற் பெயர்பெற்ற புளியங்குடி இவ்வழியிலுள்ள ஊர். இதற்கு அண்மையிலுள்ள தொடர்வண்டி நிலையமொன்றின் பெயர் பாம்புக்கோவில் சந்தை என்பது. விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை 1927இல் அமைந்தது. நிலையம் தோன்றியபின் அங்குக் கடை புகுந்ததன்று. சந்தை இருந்த இடத்தை நாடியே நிலையம் வந்தது என்பதனை இப்பெயரே உணர்த்துகின்றது.

இவ்வியைபு மிகப் பழையது. கழுதைகளின்மேல் மிளகுப் பொதி ஏற்றிச் சென்ற வணிகர் கூட்டத்தையும், உல்கு கொள்ளும் பெருவழிகள் காக்கப்பட்டமையையும் பெரும்பாணாற்றுப்படை கூறும். புகாரின் இரு பகுதிகட்கும் நடுவே, மக்கள் கடந்து செல்லும் இடைநிலத்தில், மரச்சோலையின்கண் நாளங்காடி அமைந்திருந்ததெனச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். சோழர் காலக் கல்வெட்டுக்களில் ‘அங்காடிப் பாட்டம்’ என்னும் வரி காணப்படுகின்றது. ஆகவே, கடைக்கு இடமளித்துப் பொருள் பெறுதலும் ஆட்சியாளர்க்குப் பண்டே உரியதாயிற்று.

எனினும், வழிநிலையின் வரலாறு வாணிகத்தோடு முடிவதன்று. தண்ணீர்ப் பந்தலும், சுமைதாங்கிக் கல்லும், சாவடியும், சத்திரமும் விலை கருதாது அமைந்தவை. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தமை நாடறிந்தது. மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரேயுள்ள மங்கம்மாள் சத்திரம் இதற்குச் சான்று. கையிற் பொருளுடையான் அங்காடியை நாடினான். இல்லாதான் சத்திரத்தை நாடினான். இவ்விரண்டும் ஒருங்கிருந்தமையே நம் பெருவழிகளின் சிறப்பு என்க.

அறத்தின் பெயரால் அமைந்தவிடத்தும் எல்லார்க்கும் ஒப்ப இடம் கிடைத்ததில்லை. சாதி நோக்கி உணவளித்த சத்திரங்கள் பல. அவ்வேற்றுமை இருப்புப்பாதை வந்தபின்னும் ஒழிந்திலது. நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனர்க்கும் ஏனையோர்க்கும் இடம் தனித்தனியே வகுக்கப்பட்டிருந்தது. பெரியாரும் தன்மதிப்பு இயக்கத்தாரும் நெடிது போராடியதன் பயனாக, 1941இல் அம்முறை நீக்கப்பட்டது. நிலையத்தில் கடை வைக்க விடுதல் வேறு, அக்கடையில் யாவரும் ஒப்ப அமர்ந்துண்ண விடுதல் வேறு என்னும் உண்மை இதனாற் புலனாம்.

இன்று பேருந்து நிலையக் கடைகளை ஏலத்தில் விட்டு நகராட்சிகள் வருவாய் ஈட்டுகின்றன. அது முறையே. ஆயின், ஏலத்தொகை உயர உயரக் கடைகள் நடைபாதையிற் படர்தலும், பயணிகள் வெயிலில் நிற்றலும், கூடையேந்தி விற்போர் புறந்தள்ளப்படுதலும் பலவூர்களில் காணும் காட்சியாம். கூடை வணிகர்க்குக் காப்பளிக்க 2014இல் தெருவோர வணிகர் சட்டம் பிறந்தது. வழிவழியாக விற்போரும் கொள்வோரும் கூடும் இடங்களை அச்சட்டம் இயற்கைச் சந்தை என ஏற்கின்றது. ஆனால், இருப்புப்பாதைத் துறையின் நிலத்திற்கு அச்சட்டம் செல்லாது. சந்தையின் பெயரையே தாங்கிநிற்கும் நிலையத்தின் எல்லைக்குள்ளும் சந்தை வணிகர்க்கு அச்சட்டக் காப்பு இல்லை என்பது எண்ணத்தக்கது.

2015இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. இது பழைய சத்திர அறத்தின் புதிய வடிவம் என யாம் கொள்கின்றோம். கடையால் வரும் பொருளின் ஒரு கூறு நிழலும் நீரும் இருக்கையுமாகப் பயணிக்கே மீளுமாயின், அங்காடியும் சத்திரமும் மீண்டும் ஒரு கூரையின்கீழ் இணையும். அங்ஙனம் மீளாதாயின், எஞ்சுவது அங்காடிப் பாட்டம் ஒன்றே.