'நிரந்தரம்' என்ற சொல்: யாழ்ப்பாணமும் ஆண் கருத்தடையும்

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் 'குடும்பக்கட்டுப்பாடு செய்தாயிற்று' என்று சொன்னால், செய்துகொண்டது யார் என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. மனைவிதான் என்பது சொல்லாமலே விளங்கிவிடும். ஆஸ்பத்திரிப் பேச்சில் அதற்கு 'எல்.ஆர்.ரி.' என்று பெயர். வயிற்றில் கீறல் போட்டுக் கருக்குழாயைக் கட்டி வெட்டும் சத்திரசிகிச்சை அது. ஆணுக்குச் செய்யும் வாசெக்டமியோ விறைப்பு ஊசி போட்டுக் கால் மணி, அரை மணி நேரத்தில் முடிந்து, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பக்கூடியது. சிறியதும் ஆபத்துக் குறைந்ததும் இருக்க, பெரியதையே தம்பதிகள் தேர்வது ஏன்? ஆண்களின் அறியாமை என்று ஒரே சொல்லில் கடந்துவிட முடியாது. விடையின் பெரும்பகுதி கடந்த ஐம்பது, அறுபது ஆண்டு வரலாற்றில் கிடக்கிறது.

இலங்கையில் கருத்தடை இயக்கம் தொடங்கியதே பெண்களின் துயரிலிருந்துதான். கனடாவில் பிறந்து, தமிழரான எஸ்.சி.கே. ரட்ணத்தை மணந்த மருத்துவர் மேரி ரட்ணம் 1937இல் கொழும்பில் ஒரு குடும்பத்திட்ட சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் உருவானது. 1958இல் சுவீடன் அரசுடன் குடும்பத்திட்ட ஒப்பந்தம் ஏற்பட்டது. 1965இல் குடும்பத்திட்டம் அரச கொள்கையாகி, தாய் சேய் நலச் சேவையோடு இணைக்கப்பட்டது. இந்த இணைப்பு பல்லாயிரம் தாய்மாரின் உயிரைக் காத்த நல்ல முடிவு. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது: வீடு தேடி வரும் குடும்பநல மாது பேசியது தாயோடு, கிளினிக் கதிரையில் அமர்ந்தது தாய், பதிவேட்டில் ஏறியதும் அவள் தேர்ந்த முறை. கணவன் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே, படலையடியில் சைக்கிளோடு நின்றான்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் கதை வேறு. சென்னை மாநிலம் 1950களின் பிற்பகுதியிலேயே அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அங்கே முதலில் குறிவைக்கப்பட்டது ஆணைத்தான். கேரளத்தின் எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் நடந்த ஒரே முகாமில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்கள் சிகிச்சை பெற்றார்கள். பிறகு வந்தது நெருக்கடி நிலை. 1976-77இல் இந்தியாவில் நடந்த 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைச் சிகிச்சைகளில் ஏறத்தாழ 62 இலட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. இலக்கும் கட்டாயமும் அந்த முறையின் பெயரையே கெடுத்துவிட்டன. இந்தியா இன்னும் அதிலிருந்து மீளவில்லை: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் பெண் கருத்தடை ஏறத்தாழ 38 சதவீதம், ஆண் கருத்தடை 0.3 சதவீதம்.

இலங்கையும் 1980இல் பணத்தை நாடியது. அந்த ஆண்டு ஜனவரியில் நிரந்தரக் கருத்தடை செய்துகொள்பவருக்கு 100 ரூபா என்று தொடங்கிய கொடுப்பனவு, ஆண்டு முடியுமுன் 500 ரூபாவானது. அக்காலக் கூலிக்காரருக்கு அது பல வாரச் சம்பளம். வாசெக்டமி எண்ணிக்கை மளமளவென்று ஏறியது, குறிப்பாக மலையகத் தோட்டங்களில். வறுமைப்பட்டவனுக்குக் காசைக் காட்டிப் பெறும் சம்மதம் சம்மதமாகுமா என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. கேள்வி நியாயமானது. அலை வடிந்ததை எண்களே காட்டுகின்றன: 1987 தேசிய ஆய்வில் திருமணமான தம்பதிகளில் ஏறக்குறைய 5 சதவீதத்தினர் வாசெக்டமியை நம்பியிருந்தனர், 2000இல் அது சுமார் 2 சதவீதம், 2006-07இல் 1 சதவீதத்துக்கும் கீழ்.

இந்த எண்களில் யாழ்ப்பாணம் இல்லை. 1987, 1993, 2000, 2006-07 ஆகிய நான்கு ஆய்வுகளும் போரினால் வடக்கை விட்டுவிட்டே நடந்தன. 25 மாவட்டங்களும் முழுமையாக உள்ளடங்கியது 2016 ஆய்வில்தான். ஒரு தலைமுறைத் தம்பதிகள் என்ன நினைத்தார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதை எந்தத் தேசியப் பதிவும் தாங்கவில்லை. இதைச் சிறிய இழப்பாகக் கொள்ள முடியாது.

அந்தத் தலைமுறையின் பயத்தை ஊகிக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. 1981 கணக்கெடுப்பில், அப்போது கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 8 இலட்சத்து 30 ஆயிரம். 2012இல் கிளிநொச்சி நீங்கிய மாவட்டத்தில் எஞ்சியவர்கள் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். 2010இல் 9 ஆக இருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற ஆசனங்கள் 2024இல் 6 ஆகிவிட்டன. 'நாங்கள் குறைஞ்சு போனோம்' என்பது இங்கே மேடைப் பேச்சு மட்டுமல்ல, அடுப்படிப் பேச்சும்தான். ஷெல்லடியிலும் இடப்பெயர்விலும் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் உள்ள ஊரில் 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கு வேறொரு கனம் உண்டு. 2004 டிசம்பரில் கடல்கோள் வடமராட்சி கிழக்கின் உடுத்துறைக் கரையையும் விட்டுவைக்கவில்லை. அதே அலையில் பிள்ளைகளை இழந்த தமிழ்நாட்டுத் தாய்மாருக்கு, முன்பு வெட்டிய கருக்குழாயை மீண்டும் இணைக்கும் சிகிச்சைக்கு அம்மாநில அரசு உதவியது. ஆணின் விந்துக்குழாயையும் திரும்ப இணைக்கலாம். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல வெற்றி வாய்ப்புக் குறையும். இதைத் தெரிந்து தயங்கும் தம்பதியை அறிவிலிகள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது. 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கரையோரக் கிராமங்களில், தோலின் கீழ் வைக்கும் கருத்தடைக் குச்சிகள் தங்களுக்கு வற்புறுத்தி ஏற்றப்பட்டதாகப் பெண்கள் முறையிட்டார்கள்; சுகாதாரத் தரப்பு மறுத்தது. 2019இல் தெற்கே நேர்மாறான பீதி: குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற, நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு நாடெங்கும் தீயாய்ப் பரவியது. கருத்தடை என்ற சொல்லின் மேல் இனக்கணக்கின் நிழல் விழுந்துவிட்ட நாட்டில், தம்பதியின் தனிப்பட்ட முடிவும் தனிப்பட்டதாக இருப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் அடியில் உடலைப் பற்றிய நம்பிக்கை கிடக்கிறது. ஊரில் நாம்பன் மாட்டை நலமடிப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, தனக்குச் செய்யப்போவதும் அதுதானோ என்று தோன்றுவது இயல்பு. சித்த மருத்துவம் உடற்தாதுக்கள் ஏழில் சுக்கிலத்தைக் கடைசியில் வைக்கிறது. அதை இழந்தால் பலம் போகும் என்ற எண்ணம் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவனிடமும், பனையேறிச் சீவுபவனிடமும், தோணி தள்ளுபவனிடமும் ஊறியிருக்கிறது. உடல் உழைப்பே முதலாக உள்ளவனுக்கு இது பிழைப்பைப் பற்றிய அச்சம். மனைவிக்கும் அதே அச்சம்தான். 'உழைக்கிற மனிசன், அவருக்கு ஒண்டும் வேண்டாம், நான் செய்யிறன்' என்று அவளே முந்திக்கொள்ளும் வீடுகள் உண்டு.

உண்மை எளிமையானது. நலமடிப்பதில் விதைகள் செயலிழக்கின்றன. வாசெக்டமியில் விதையைத் தொடுவதில்லை. விந்தணு செல்லும் குழாய் மட்டும் வெட்டிக் கட்டப்படுகிறது. ஆண்மைச் சுரப்பு இரத்தத்தில் கலப்பதால் அது குறையாது. வெளிவரும் திரவத்தில் விந்தணுவின் பங்கு மிகச் சிறியது. மிகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஆசையோ பலமோ மாறுவதில்லை. 1974இல் சீன மருத்துவர் லி சுன்சியாங் உருவாக்கிய கத்தியில்லா முறையில் தையல்கூடத் தேவைப்படாது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும்: சிகிச்சை முடிந்த உடனே பாதுகாப்புக் கிடைக்காது. குழாயில் தங்கிய அணுக்கள் தீர ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியாகும்வரை வேறு முறை வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் வருவது வெறும் கர்ப்பம் மட்டுமல்ல. இடையில் கருத்தரித்த மனைவியின் நடத்தையின் மேல் பழி விழும். ஊர் சிறியது, பழி பெரியது. கணவன் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்துபோகும் குடும்பங்களில் இந்தப் பயம் இன்னும் கூர்மை.

ஆசிய ஆண் இதற்கு இணங்கவே மாட்டான் என்ற வாதம் நிற்காது. பூட்டானில் 2010 அளவில் எட்டுத் தம்பதிகளில் ஒரு தம்பதியினர் ஆண் கருத்தடையை நம்பியிருந்தனர். யாழ்ப்பாணத்தவரின் உறவுகள் நிறைந்த கனடாவில் பெண் கருத்தடையை விட ஆண் கருத்தடையே அதிகம். வேறுபாடு யாரோடு, எப்படிப் பேசப்பட்டது என்பதில் இருக்கிறது.

இங்கே செய்ய வேண்டியதும் அங்கிருந்தே தொடங்குகிறது. வாசெக்டமி செய்துகொண்ட ஓர் ஆண் பேசினால், நூறு துண்டுப்பிரசுரம் செய்யாததை அது செய்யும். தோட்டக்காரனும் கடற்றொழிலாளியும் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் கிளினிக் திறந்திருக்கட்டும். இலக்கு வேண்டாம், காசு வேண்டாம், அவசரம் வேண்டாம். இனிப் பிள்ளை போதும் என்று முடிவெடுத்த தம்பதியரே, மனைவி எல்.ஆர்.ரி. படிவத்தில் கையெழுத்திடுமுன் இருவருமாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று, ஆணுக்குரிய முறையைப் பற்றியும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.