ஆயில் டப்பாவில் ஏன் இந்த எண்கள்?

பெட்ரோல் பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் ஆயில் டப்பாவில் 'எஸ்.ஏ.இ. 30', '10டபிள்யூ-30' என்று பார்த்திருப்பீர்கள். எஸ்.ஏ.இ. என்பது அமெரிக்க வாகனப் பொறியாளர்களின் சங்கம். எண்ணெயின் கெட்டித்தன்மையை 1911-இல் வகைப்படுத்தித் தந்தது அதுதான். எண் கூடினால் எண்ணெய் கெட்டி. அங்குள்ள பனியில் எண்ணெய் இறுகி வண்டிகள் கிளம்பாது. அதனால் குளிர்கால எண்ணெய்களுக்கு 'விண்டர்' என்பதன் முதலெழுத்தான 'டபிள்யூ' பின்னர் சேர்ந்தது. பாலிமர் கலக்கத் தொடங்கியதும் குளிருக்கும் சூட்டுக்கும் ஒரே எண்ணெய் போதுமானது. அதனால்தான் இரட்டை எண்.

டிசம்பரில்கூட ஃபேன் போடும் நமக்கு அந்த முதல் எண் அவ்வளவு முக்கியமில்லை. இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். காற்றால் மட்டுமே குளிரும் இந்தச் சின்ன எஞ்சின்கள் பலவற்றில் ஆயில் ஃபில்டரும் கிடையாது. மேனுவலில் சொன்ன கிரேடையே ஊற்றுங்கள். பம்ப்புக்கான ஆயில் வேறு!