காவிரியின் திமில் மீனும் பெயர் எழுதப்படாத பரிசல்காரர்களும்



கனடாவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் சில படங்கள் அனுப்பியிருந்தார். பனி உருகிய பருவம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஏரி, கூடவே சம்பளத்துக்கு ஒரு வழிகாட்டி, ஒரு வாரம் முழுக்கத் தூண்டில். பிடித்த மீனை நிறுத்துப் பார்த்து, படம் எடுத்து, தண்ணீரிலேயே விட்டுவிட்டாராம். "சார், நம்ம பக்கம் இப்படி எல்லாம் இருந்திருக்கா?" என்று கேட்டிருந்தார். இருந்தது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் தேடி வரும் அளவுக்கு இருந்தது. பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே, நிதானமாகப் படியுங்கள்.

திருத்தணிக்காரர்களுக்கு மீன் என்றால் ஏரி மீன். விரால், கெளுத்தி, கெண்டை. பஞ்சாயத்தில் மீன்பாசி ஏலம் விடுவார்கள், குத்தகை எடுத்தவர் வலை போடுவார். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்த பிறகு அந்த மீனும் சேர்ந்துகொண்டது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கும் மீன்பிடித் திருவிழாவைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பிடித்த மீன் குழம்புக்குப் போகும். விளையாட்டுக்காகப் பிடித்துத் திரும்ப விடுவது நம்மவர் வழக்கமில்லை, அது வெள்ளைக்காரர்களோடு வந்தது.

அதை இந்தியாவில் நூலாக எழுதி வைத்தவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி, தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டராக இருந்தவர். 1873-இல் மங்களூரில் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டார். 1887-இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 'டேங்க் ஆங்க்ளிங் இன் இந்தியா' என்று இன்னொரு நூல். வருவாய் நிர்வாகத்தில் இருந்த மனிதருக்கு இவ்வளவு நேரம் எப்படிக் கிடைத்தது என்று எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் அவர் வெறும் பொழுதுபோக்குக்காரர் இல்லை. தென் கன்னடத்தில் மீன்வளம் குறைவதைப் பற்றி அரசுக்கு எழுதியவர். 1897-இல் வந்த இந்திய மீன்வளச் சட்டம், தண்ணீரில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. வெடி என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

இவர்கள் எல்லோரும் தேடிய மீன் மஹ்சீர். கெண்டைக் குடும்பம்தான், ஆனால் ஆள் உயரத்துக்கு வளரும். உள்ளங்கை அகலத்துக்குச் செதில், தடித்த உதடு, வேகமான நீரில் பாறைகளுக்கு நடுவே வாழ்க்கை. வடக்கே இமயமலை ஆறுகளில் ஒரு வகை உண்டு, ஜிம் கார்பெட் புலிகளுக்கு நடுவே இந்த மீனைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கர்நாடகத்தில் சிருங்கேரி போனவர்களுக்கு, துங்கா நதிப் படித்துறையில் பொரிக்காகக் கூட்டமாக வரும் பெரிய மீன்கள் நினைவிருக்கும். அவையும் இந்த இனம்தான். கோயில் மீன் என்பதால் யாரும் தொடுவதில்லை.

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் இருந்தது இவற்றிலெல்லாம் பெரியது. முதுகில் காளைக்குத் திமில் இருப்பது போல் மேடு, ஆரஞ்சு நிறத் துடுப்பு. 1946-இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினி ஆற்றில் பிடித்த மீன் 120 பவுண்டு. அதாவது 54 கிலோ, நம் கடைகளில் விற்கும் இரண்டு சிப்பம் அரிசிக்கும் மேலே. வேட்டையாடிய புலிகளைப் பாடம் செய்து கொடுக்கும் தொழிலில் உலகப் புகழ் பெற்ற குடும்பம் அது. அந்த எடையை இதுவரை யாரும் தாண்டவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் போய்விட்டார்கள். கிருஷ்ணராஜசாகர், மேட்டூர் அணைகள் அதற்கு முன்பே வந்திருந்தன, பிறகு கபினி அணையும் வந்தது. மஹ்சீர் காலம் முடிந்தது என்றுதான் வெளிநாட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1977-78-இல் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் 'ட்ரான்ஸ் வேர்ல்ட் ஃபிஷிங் டீம்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். காவிரியில் அவர்களுக்குக் கிடைத்த பெரிய மீன் 92 பவுண்டு. செய்தி இங்கிலாந்துத் தூண்டில் பத்திரிகைகளில் வந்ததும் வரிசையாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 'ரிவர் மான்ஸ்டர்ஸ்' நிகழ்ச்சியில் வரும் ஜெரமி வேட், அப்போது இளைஞர், 1982-இல் இதே மீனுக்காகத்தான் இந்தியா வந்தார்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே காவிரி மலைக்காட்டுக்குள் நுழைகிறது. தொட்டமக்களி, பீமேஸ்வரி, காலிபோர் என்று ஆற்றோரம் மூன்று முகாம்கள். அதற்குக் கீழே சங்கமம், மேகதாது. அணை கட்டுவது பற்றிச் செய்தியில் அடிக்கடி வருகிறதே, அந்த மேகதாதுதான். பிறகு ஆறு கொஞ்ச தூரம் இரு மாநில எல்லையாக ஓடி ஒகேனக்கல்லுக்கு வருகிறது. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த தாலுகாக்காரர்களான நமக்கு எல்லை எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மீனுக்குத் தெரியாது.

1972-இல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் முகாம்களை நடத்தியது. மழைக்கு முன், தண்ணீர் தெளிந்து இறங்கியிருக்கும் மாதங்கள்தான் பருவம், நமக்குத் தை முதல் பங்குனி, சித்திரை வரை. வெள்ளைக்காரர் ஒரு வாரம், பத்து நாள் என்று வந்து தங்குவார். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை மீன்பிடிப்பு. நடுப்பகல் வெயிலில் பாறையில் நிற்க முடியாது.

தூண்டிலில் என்ன இரை என்கிறீர்கள்? நம் வீட்டு ராகிக் களி! தெலுங்கு வீடுகளில் சங்கட்டி என்போமே, அதே சமாசாரம். ராகி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, வேகவைத்து, முள்ளை மறைத்துக் கட்டுவார்கள். ஆற்று ஓட்டத்தில் கரையாமலும் இருக்க வேண்டும், மீன் வாயில் உடைந்து முள் வெளியே வரவும் வேண்டும். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். வாசனைக்கு அவரவர் ரகசியமாக ஏதோ சேர்ப்பார்கள். உருண்டையை எந்தப் பாறை இடுக்கில் போடுவது, நண்டும் சிறு மீனும் இரையாக எப்போது வைப்பது, மீன் கவ்வியதும் பரிசலை எந்தச் சுழிக்கு இந்தப் பக்கம் விடுவது, எல்லாம் உள்ளூர்ப் பரிசல்காரர் கையில். ஐம்பது பவுண்டு மீன் கவ்விக்கொண்டு பாய்ச்சலில் இறங்கினால் கரையில் நின்று சமாளிக்க முடியாது. மூங்கில் பரிசலில் ஏறிப் பின்னாலேயே போக வேண்டும். கரணம் தப்பினால் வழிகாட்டிக்கும் வந்தவருக்கும் சேர்த்து ஆபத்து. இந்த வழிகாட்டிகளில் சிலர் அதற்கு முன் அதே ஆற்றில் வலையும் வெடியும் போட்டுத் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். திருடனுக்குத்தான் திருடன் வரும் வழி தெரியும் என்று அவர்களையே காவலுக்கும் வைத்தார்கள். நல்ல நிர்வாகம் என்பேன்.

நிறுத்துப் பார்க்க வழியில்லாத இடத்தில் மீன் எடையை எப்படிச் சொல்வது? தூண்டில்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. மீனின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் பவுண்டு. 48 அங்குல நீளம், 30 அங்குலச் சுற்றளவு என்றால் 54 பவுண்டு. என்னிடம் கணக்கை வெறுத்தவர்கள் இப்போது சரிபார்த்துக்கொள்ளலாம்.

அளந்ததும் முகாம் பதிவேட்டில் எழுதுவார்கள். தேதி, எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், எத்தனை மீன், என்ன எடை. பெருமைக்காக எழுதிய குறிப்பு. வகுப்பில் நான் ஓயாமல் சொன்னது நினைவிருக்கிறதா, ஓர் ஆவணம் எழுதியவர் நினைக்காத வேலைக்கும் பயன்படும் என்று? கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு விட்ட கல்வெட்டிலிருந்துதான் அந்தக் காலத்து நில அளவையும் ஊர்ச்சபையையும் தெரிந்துகொள்கிறோம். அதேதான் இங்கேயும். காவிரியில் இந்த மீன் எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் வேறு யாரும் எண்ணி வைக்கவில்லை. காலிபோர் பதிவேடுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் போன்ற ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரத் தூண்டில், பிடித்து விட்ட மஹ்சீர் 6,161. 2015-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆண்டுக்கு ஆண்டு மீன் அதிகமாகக் கிடைத்தது. சராசரி எடை மட்டும் குறைந்துகொண்டு வந்தது. குஞ்சு பொரித்து இனம் பெருகுகிறது, காவல் பலன் தருகிறது என்று சந்தோஷப்படலாம்.

ஆனால் அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, பிடிபட்டது எந்த வகை என்று பிரித்துப் பார்த்தது. பெருகியது நீலத்துடுப்பு மஹ்சீர். அது காவிரியின் மீனே இல்லை, கிருஷ்ணா ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் டாடா மின் நிறுவனம் நடத்திய பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து, 1970-களிலிருந்து பல மாநில ஆறுகளில் விட்டார்கள். காவிரியிலும் விட்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, மஹ்சீர் குறைகிறதே என்ற கவலைதான். அது தழைக்கத் தழைக்க, திமில் மீன் பதிவேட்டிலிருந்து மெல்ல மெல்லக் காணாமல் போனது. மொத்த எண்ணிக்கை ஏறியதால் யாருக்கும் உறைக்கவில்லை.

இதில் எனக்குத் தாங்காத விஷயம் ஒன்று. உலகச் சாதனை மீன், நூறாண்டுக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதித் தள்ளிய மீன். அதற்குச் சரியான அறிவியல் பெயர் நிச்சயமானது 2018-இல்தான்! கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்து முன்பே விவரிக்கப்பட்டிருந்த 'டோர் ரெமாதேவி' என்ற மீனும் இதுவும் ஒன்றே என்று அப்போது நிறுவினார்கள். இந்திய விலங்கியல் அளவைத் துறையின் ஆய்வாளர் கே. ரெமாதேவியின் பெயரில் வைத்த பெயர் அது. அதே 2018-இல் ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற கடைசி வரிசையில் ஏறியது. பெயர் சூட்டு விழாவும் அபாய மணியும் ஒரே ஆண்டில்.

பதிவேடு 2012-இல் நின்றதற்குக் காரணம் உண்டு. அந்த ஆற்றுப் பகுதி 1987 முதல் காவிரி வனவிலங்கு சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் உயிரினத்தைப் பிடிப்பதும் வேட்டைதான், பிடித்து விட்டாலும் பிடித்ததுதான் என்று முடிவானது. சட்டத்தின் வாசகத்தில் தவறில்லை. ஆனால் வழிகாட்டி வேலையும் காவலும் ஒன்றோடொன்று பின்னியிருந்ததை யோசித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தூண்டில் வருமானம் நின்றால் அதை நம்பியிருந்த குடும்பமும் நிற்கும், ராத்திரி ரோந்தும் நிற்கும். மறுபடி வெடி பயம். 2013-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் பிண்டரும் ராகவனும் ஏறக்குறைய இதைத்தான் வாதாடினார்கள். மறுபக்க நியாயமும் இருக்கிறது: வேடிக்கைக்காக ஓர் உயிரை வாயில் முள் மாட்டி இழுப்பதை, கோயில் மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்த நம்மில் பலர் ஏற்க மாட்டோம். நானும் தூண்டில் எடுக்க மாட்டேன்.

நம் ஊர் வீரட்டானேஸ்வரர் கோயிலை நினைத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டு, பல்லவன் அபராஜிதன் காலம். கட்டுவித்தவர் நம்பி அப்பி என்று கல்வெட்டில் இருக்கிறது. கல்லைச் செதுக்கியவர் யார் என்று இல்லை. மஹ்சீர் புத்தகங்களிலும் பிடித்த துரையின் பெயர், ஊர், மீனின் எடை, தூண்டிலின் கம்பெனி வரை இருக்கிறது. பழைய படங்களைப் பாருங்கள், மீனை ஏந்திய துரைக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நிற்பார், பெரும்பாலும் பெயர் இல்லாமல். துடுப்பு ஆரஞ்சா நீலமா என்ற வித்தியாசத்தை ஆய்வாளர்களுக்கு முன்பே தினமும் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

இன்று திமில் மீனுக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது: நீலகிரி, ஈரோடு காடுகளுக்குள் ஓடிப் பவானிசாகர் அணையில் சேரும் மோயாறு. 2018-இல் பெயரை நிச்சயிக்க உதவிய மீன்கள் அங்கே கிடைத்தவை.

உங்களில் ஒகேனக்கல், மேட்டூர், கொள்ளேகால் பக்கம் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள், வேலையில் இருப்பவர்கள் உண்டு. அந்த முகாம்களில் பரிசல் விட்ட பெரியவர் யாராவது தெரிந்தால் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுங்கள். எந்த மடுவில் எந்த மீன், எந்த ஆண்டிலிருந்து திமில் மீன் குறைந்தது, ராகி உருண்டையில் என்ன சேர்த்தார்கள், எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். அவர் சம்மதித்தால் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதிவிடலாம்.