ஆப்பிள் கூழும் ஒரு சிட்டிகைப் பொடியும்

நான்கு ஆப்பிள், கால் டம்ளர் தண்ணீர், விரல் நீளத்தில் ஒரு பட்டை, இரண்டு கிராம்பு, சின்னத் துண்டு இஞ்சி. ஆப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி, நறுக்கிப் போட்டு, மூடிவைத்துச் சிறு தீயில் இருபது நிமிடம். வெந்ததும் பட்டை, கிராம்பு, இஞ்சியை எடுத்துவிட்டு மத்தால் மசித்தால் ஆப்பிள்சாஸ் தயார். சமையலுக்கும் எனக்கும் பெரிய உறவு கிடையாது. இது ஒன்றுதான் உருப்படியாக வருகிறது. அக்கா மகளுக்கு ஒன்றரை வயது. நான் செய்வதில் அவள் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவதும் இதைத்தான்.

அக்கா ஒருநாள் கேட்டாள். "ஏன்டி, கடையில பாக்கெட்ல விக்குது. மூடியத் திறந்து வாயில குடுத்தா அதுவே உறிஞ்சிக்குது. நீ எதுக்கு இவ்ளோ மெனக்கெடுற?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவளுக்கு ஆபீஸ் போன் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

*

ஆப்பிளை வேகவைத்து மசிப்பது மிகப் பழைய வேலை. இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த 'ஃபோர்ம் ஆஃப் க்யூரி' என்ற நூலில் 'ஆப்புல்மாய்' என்றொரு பண்டம் வருகிறது. (க்யூரி என்றதும் நம்மூர் கறி என்று நினைத்துவிட வேண்டாம். சமையல் என்பதற்கான பழைய சொல் அது.) வேகவைத்த ஆப்பிளை வடிகட்டியில் தேய்த்து எடுத்து, பாதாம் பால், தேன், அரிசி மாவு, குங்குமப்பூ, உப்பு சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சுகிறார்கள். கூடவே 'பவுடர் ஃபோர்ட்' என்ற காரமான மசாலாப் பொடி. கிட்டத்தட்ட நம் கரம் மசாலா மாதிரி ஒரு கலவை.

அரசனின் அடுப்பில் மட்டும் விழுந்துகொண்டிருந்த அந்தப் பொடி எல்லா வீட்டுக்கும் வந்து சேர பல நூற்றாண்டுகள் ஆயின. அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். பட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1505இல் போர்த்துக்கீசியர் இலங்கையில் கால் வைத்தார்கள், 1658இல் டச்சுக்காரர்கள் அவர்களை அங்கிருந்து முழுதாக வெளியேற்றினார்கள். இருவருக்குமே கண் கறுவா மீதுதான். சலாகம சாதியினர் காட்டுக்குள் போய்ப் பட்டை உரித்து, குறித்த அளவைக் கட்டாயமாகக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். 1760களுக்குப் பிறகுதான் டச்சுக்காரர்கள் கறுவாவைத் தோட்டப் பயிராக வளர்க்கத் தொடங்கினார்கள். கொழும்பில் இன்று பெரிய வீடுகள் நிற்கும் ஒரு பகுதிக்குத் தமிழில் இப்போதும் கறுவாத்தோட்டம் என்றுதான் பெயர்.

அந்தப் பக்கம் ஆப்பிள், ஏழைகளின் குளிர்காலச் சாப்பாடாக இருந்தது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் இலையுதிர்காலத்தில் முற்றத்தில் பெரிய செப்புக் கொப்பரையை ஏற்றி, நீண்ட மரத் துடுப்பால் மணிக்கணக்காகக் கிண்டி, ஆப்பிள் வெண்ணெய் காய்ச்சினார்கள். பெயரில்தான் வெண்ணெய், கறுத்துச் சுண்டிய கூழ் அது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் ஹனுக்கா பண்டிகையில் உருளைக்கிழங்கு அடைக்கு இதைத் தொட்டுக்கொண்டார்கள். 1962இல் ஜான் க்ளென் பூமியைச் சுற்றி வந்தபோது அலுமினியக் குழாயிலிருந்து பிதுக்கிச் சாப்பிட்டதும் ஆப்பிள்சாஸ்தான். இன்றைய குழந்தைகளின் பாக்கெட்டுக்கு அதைத் தாத்தா என்று சொல்லலாம்.

இதுவரைக்கும் கதை இனிப்பாகத்தான் இருக்கிறது. இனி ஈயம் வருகிறது.

*

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஒரு விசித்திர நோய் இருந்தது. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த சைடர் அருந்தும் பருவத்தில் ஜனங்களுக்குக் குடலை முறுக்கும் வயிற்றுவலி வரும். சிலருக்குக் கைகள் செயலிழந்து தொங்கிவிடும். சிலர் செத்தும் போனார்கள். 'டெவன் வயிற்றுவலி' என்றே அதற்குப் பெயர். ஜான் ஹக்ஸம் என்ற மருத்துவர் 1739இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆப்பிளின் புளிப்புதான் காரணம் என்பது அவர் முடிவு.

ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். அவரும் டெவன்காரர்தான். ஹெர்ஃபோர்டுஷையரிலும் சைடர் குடிக்கிறார்கள், அங்கே ஏன் இந்த நோய் இல்லை? போய்ப் பார்த்தால், டெவனில் ஆப்பிள் பிழியும் கல் செக்குகளின் இணைப்புகளில் ஈயம் வார்த்திருந்தார்கள். ஹெர்ஃபோர்டுஷையரில் அந்தப் பழக்கம் இல்லை. ஆப்பிளின் அமிலம் ஈயத்தைக் கரைக்கும். கரைந்த ஈயம் நாக்குக்குக் கசக்காது, இனிக்கும். 1767இல் டெவன் சைடரில் ஈயம் இருப்பதைப் பேக்கர் வேதிச் சோதனையில் காட்டினார்.

டெவன் அவரைக் கொண்டாடியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? சைடர்காரர்களும் பாதிரிமார்களும் சேர்ந்து திட்டித் தீர்த்தார்கள். சொந்த ஊருக்குத் துரோகம் செய்தவன் ஆனார். ஆனாலும் செக்குகளிலிருந்து ஈயம் மெல்ல மெல்ல விலகியது. நோயும் விலகியது.

டெவனில் ஈயத்தை யாரும் வேண்டுமென்றே போடவில்லை. அடுத்த கதையில் போட்டார்கள். ஆனால் யார் போட்டது என்பதுதான் சிக்கல்.

லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் ஃப்ரெட்ரிக் ஆக்கும் 1820இல் உணவுக் கலப்படம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அட்டையிலேயே மண்டை ஓடு. அதில் க்ளோஸ்டர் பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டு வயிற்றுவலியில் துடித்த ஒருவரின் கதை வருகிறது. சோதித்தால் பாலாடைக்கட்டியில் சிவப்பு ஈயம். செய்தவரைக் கேட்டால், "நிறத்துக்கு அன்னாட்டோ சாயம் மட்டும்தான் போட்டேன்" என்கிறார். சாய வியாபாரியைக் கேட்டால், சாயம் கொஞ்சம் மங்கலாக இருந்ததால் செந்தூரம் கலந்தாராம். செந்தூரம் விற்ற மருந்துக் கடைக்காரர், சுவருக்குப் பூசத்தானே வாங்குகிறார்கள் என்று அதில் சிவப்பு ஈயத்தைக் கலந்திருந்தார். ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கள்ளத்தனம் மட்டுமே செய்தார்கள், அல்லது ஒன்றுமே செய்யவில்லை. எல்லாம் சேர்ந்து யாரோ ஒருவரின் தட்டில் விஷமாக வந்து விழுந்தது.

*

இப்போது 2023க்கு வருவோம். அமெரிக்காவின் வட கரோலினாவில் சில குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது தெரியவந்தது. ஈயம் என்றாலே அங்கே முதலில் பழைய வீட்டுச் சுவரின் பெயிண்டைத்தான் சந்தேகிப்பார்கள். இந்த முறை சுவர் குற்றவாளி இல்லை. அந்தக் குழந்தைகள் எல்லாரும் 'வானாபானா' என்ற பிராண்டின், பட்டை சேர்த்த ஆப்பிள் கூழ் பாக்கெட்டைச் சாப்பிட்டிருந்தார்கள். அக்டோபர் இறுதியில் பாக்கெட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த சில மாதங்களில் 44 மாநிலங்களில் 500க்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கு வந்தது. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள்.

ஆப்பிளில் பிரச்சினை இல்லை. பட்டைப் பொடியில்தான். எக்வடோரில் உள்ள ஆலையிலிருந்து எடுத்த ஒரு மாதிரியில் பத்து லட்சத்தில் 5,110 பங்கு ஈயம். பட்டை வகை மசாலாக்களுக்கு அப்போது சர்வதேச அளவில் பரிசீலனையில் இருந்த வரம்பு 2.5. அதைப்போல இரண்டாயிரம் மடங்கு! குரோமியமும் இருந்தது. இரண்டும் இருந்த விகிதம் லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைச் சுட்டியது. 1939இல் அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கென்று ஒரு மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்களே, அதன் முதல் பெயரில் 'குரோம்' வந்தது இந்தச் சாயத்தால்தான்.

இந்தக் கதையில் என்னை உட்காரவைத்த இடம் வேறு. அந்தப் பட்டைகள் போனது இலங்கையிலிருந்து. எக்வடோர் அதிகாரிகள் அரைக்காத பட்டைகளைச் சோதித்தபோது அவற்றில் ஈயம் இல்லை. இலங்கை மரத்திலிருந்து உரித்தது சுத்தமாகத்தான் கடல் தாண்டியிருக்கிறது. அரைக்கும் இடத்தில்தான் கலப்படம் நடந்திருக்க வேண்டும் என்று அதிகாரிகள் கருதினார்கள். அரைத்தவர், பொடியை விற்றவர், கூழ் செய்தவர், இறக்குமதி செய்தவர், கடைக்காரர் என்று நீளும் சங்கிலியைப் பார்த்தால் ஆக்கும் சொன்ன பாலாடைக்கட்டிதான் ஞாபகம் வருகிறது.

"அதெல்லாம் அமெரிக்காவுல" என்று தள்ளிவிட முடியாது. பங்களாதேஷில் இதே சாயத்தை மஞ்சளுக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். 1980களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளைப் பளபளப்பாக்கத் தொடங்கிய பழக்கம் அது. 2019இல் அங்கே சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. ஆய்வாளர்கள் முடிவுகளை வெளியிட்டார்கள், அரசு சந்தைகளில் சோதனை போட்டது, அபராதம் விதித்தது, செய்தித்தாள்கள் விடாமல் எழுதின. 2021இல் அது பூஜ்யம் ஆனது. இரண்டே வருடம்.

*

அம்மா இன்றைக்கும் மிளகாயும் மல்லியும் காயவைத்து மில்லுக்குத்தான் எடுத்துப்போவாள். கொடுத்துவிட்டு வரமாட்டாள். தும்மிக்கொண்டே பக்கத்தில் நிற்பாள். "முன்னாடி என்ன அரைச்சீங்க?" என்று கேட்பாள். சின்ன வயதில் கூட நின்றபோது எனக்கு மானமே போகும். மில்காரரைச் சந்தேகப்படுகிறாளே என்று. அவள் சந்தேகப்படவில்லை, பொடியாகிவிட்ட ஒன்றைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் பொடியாகும் நேரத்தில் பக்கத்தில் இருந்தாள்.

ஆனால் "வீட்டிலேயே செய்யுங்கள்" என்று அறிவுரை சொல்லி இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாக்கெட்டுகள் அமெரிக்காவின் மலிவு விலைக் கடைகளிலும் விற்றவை. வாங்கியவர்களில் பலர் வேலைக்கு ஓடிக்கொண்டே குழந்தைக்குப் பழம் கொடுத்துவிட நினைத்த அக்கா மாதிரி ஆட்கள்தான். நல்லதைத்தான் வாங்கினார்கள். இருபது நிமிடம் அடுப்படியில் நிற்க ஒரு சித்தி இருக்கும் வீட்டுக் குழந்தைக்கு மட்டும் நல்ல கூழ் என்றால் அது என்ன நியாயம்? டெவனைக் காப்பாற்றியது வீட்டுச் சைடர் இல்லை. பேக்கரின் சோதனை. பங்களாதேஷைக் காப்பாற்றியது சந்தையில் நடந்த சோதனை. ஆக்குமின் புத்தகத்துக்குப் பின்னும் இங்கிலாந்தில் உருப்படியான கலப்படத் தடைச் சட்டம் வர 1875 ஆனது. நாமெல்லாம் மில்லில் போய் நிற்க முடியாது. நமக்காக நிற்பவர்களுக்குச் சம்பளமும் அதிகாரமும் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இதையெல்லாம் அக்காவிடம் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்து, "கிராம்ப எடுத்துட்டியா? குழந்த வாயில மாட்டிக்கப் போகுது" என்றாள்.

இரண்டு போட்டிருந்தேன். இரண்டையும் எடுத்துத் தட்டில் வைத்து அவளுக்கு எண்ணிக் காட்டினேன்.