சோனகத் தெருவுக்குப் போகும் பஸ்



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவர்கள்தான் திருத்த வேண்டும்.

போன பாடசாலை விடுமுறையில் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ் பிடித்துப் போனோம். தில்லையடியில் சுபஹ் தொழுதுவிட்டு ஏறினோம். நீர்கொழும்பிலும் பாணந்துறையிலும் இருக்கும் சொந்தங்கள் முதல்நாள் இரவே வந்து தங்கியிருந்தார்கள். ஆசன இலக்கம் எதுவும் போடவில்லை. ஆனால் அநுராதபுரம் தாண்டித் திரும்பிப் பார்த்தால், ஒரே ஒழுங்கைக்காரர்கள் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். ஐந்து சந்திப் பக்கத்தார் முன்னுக்கு, பொம்மைவெளிக்காரர் பின்னுக்கு. முப்பது வருடங்களுக்கு மேலாக வேறு வேறு ஊர்களில் வாழ்பவர்கள், பஸ்ஸில் ஏறியதும் பழைய அயலவராகி விட்டார்கள்.

எங்களோடு வந்த மாணவன் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "சேர், நாங்க இப்ப ட்ரிப் போறமா, ஊருக்குப் போறமா?"

பஸ்ஸில் ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை. அவன் புத்தளத்தில் பிறந்தவன். அவனுடைய வாப்பாவும் விவரம் அறியாத வயதில் புத்தளம் வந்தவர். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். எங்கள் கதையை 1990 ஒக்டோபரிலிருந்து தொடங்குவது பழக்கமாகிவிட்டது. அதற்கு முன்னும் எங்களுக்கு ஒரு வரலாறு இருந்தது. முன்னோர் முதலில் உசன், மிருசுவில் பக்கம் இருந்தார்கள், பிறகு நல்லூர், அதன்பின் நாவாந்துறையை ஒட்டிய இந்தப் பகுதி என்று பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். சோனகத் தெரு, ஓட்டுமடம், பொம்மைவெளி என்று அது பரந்தது. கடைத்தெருவில் தையல், இரும்புச் சாமான், நகை, இறைச்சி, லொறி வியாபாரம் என்று எங்கள் ஆட்கள் இல்லாத தொழில் குறைவு. 1950களில் யாழ்ப்பாண மாநகர சபையின் முதல்வராக எம். எம். சுல்தான் இருந்தார். இலங்கை முஸ்லிம்களின் கல்விக்குப் பெரும் தொண்டு செய்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் பிறந்தது வண்ணார்பண்ணையில். அவர் படித்தது வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும். கொழும்பு ஸாஹிராவை 1948 முதல் 1961 வரை நடத்திய அதிபர் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர் என்று சொன்னால் எங்கள் பிள்ளைகள் இன்று ஆச்சரியப்படுகிறார்கள். அன்று அதில் ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை.

பிறகு வந்தது 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்பே சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் கற்பிட்டி நோக்கிப் புறப்பட்டுவிட்டார்கள். அன்று காலை எங்கள் தெருக்களில் ஒலிபெருக்கி அறிவித்தது. ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். போகும் வழியில் சோதனை; காதில் கிடந்த தோடுவரை கழற்றச் சொன்னதை எங்கள் உம்மாமார் இன்றும் சொல்கிறார்கள். ஐந்து மாவட்டங்களிலும் இருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர்.

பஸ்ஸில் இந்தக் கதை வரும்போது எப்போதும் ஒரு வாக்குவாதம் வரும். கொண்டுபோக விட்ட காசு 150 ரூபா என்பார் ஒருவர். இல்லை, அதைவிடக் கூட என்பார் மன்னாரில் சம்பந்தம் செய்த இன்னொருவர். இரண்டும் சரிதான். யாழ்ப்பாணத்தில் 150 ரூபா. மற்ற இடங்களில் தொகையும் வேறு, அவகாசமும் வேறு. ஒரே துயரம் என்றாலும் இடத்துக்கு இடம் அது வேறுவிதமாக நடந்தது. இதை எழுதிவைக்காவிட்டால் நாளை ஒருவர், "பாருங்கள், இவர்களுக்குள்ளேயே கணக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்லக்கூடும்.

புத்தளத்து மக்கள் எங்களுக்குச் செய்ததை மறந்தால் நாங்கள் நன்றி கெட்டவர்கள். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள், சமைத்துக் கொடுத்தார்கள். சில நாட்களுக்கென்று போட்ட கிடுகுக் கொட்டில்களில் பலர் பதினேழு வருடம் இருந்தார்கள். 2007இல் உலக வங்கி உதவியோடு வீடமைப்புத் திட்டம் வந்தபிறகே பலருக்குக் கல்வீடு கிடைத்தது. அந்தப் பதினேழு வருடமும் ஊரை ஒன்றாக வைத்திருந்தவை கலியாண வீடும் ஜனாஸா வீடும்தான். பாணந்துறையில் ஒரு மௌத் என்றால் புத்தளத்திலிருந்து வான் பிடித்துப் போவோம். நல்லடக்கம் முடிந்தபின் பாயில் இருந்து பேசத் தொடங்கினால் ஒழுங்கை ஒழுங்கையாக ஊர் திரும்ப வரும். எங்கள் முதல் கூட்டுப் பயணங்கள் ஜனாஸாப் பயணங்கள் என்று சொன்னால் பிழையில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தது. அப்போது போன முதல் பயணங்களில் ஒன்றில் நாங்களும் இருந்தோம். ஓமந்தையில் இறங்கி ஏறி, புளியங்குளத்தில் மறுபடி இறங்கி, பளையிலும் முகமாலையிலும் மீண்டும் அதே வேலை. அந்த வருடம் ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்று புலிகளின் தலைமை சொல்லியிருந்தது. அந்த நம்பிக்கையில்தான் போனோம். போய்ப் பார்த்தால் ஓடில்லை, கதவில்லை, நிலையில்லை. விறாந்தை இருந்த இடத்தில் மரம் வளர்ந்து நின்றது. ஒரு மாமி தன்னுடைய வீட்டைத் தாண்டிப் போய்விட்டு, கிணற்றை அடையாளம் கண்டு திரும்பி வந்தார். 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது.

யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. திரும்பலாம் என்று நினைத்த எங்களுக்குப் "பழைய அகதிகள்" என்று பெயர் வந்தது. 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர் பழையவர், அதன்பின் இடம்பெயர்ந்தவர் புதியவர் என்று உதவிக்கான வரிசை பிரிந்தது. வன்னியில் அந்த மக்கள் பட்ட பாட்டை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கு முதலிடம் கொடுத்தது தேவைதான். ஆனால் எங்கள் முறை சரியாக வரவேயில்லை. சில குடும்பங்கள் திரும்பின. பெரும்பாலானோர் திரும்பவில்லை. அவர்களுக்கு மிஞ்சியது வருடத்துக்கு ஒரு பயணம். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம்வரை ஓடத் தொடங்கியதும் கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு அது வசதியானது. புத்தளத்தில் இருக்கும் எங்களுக்கு இன்றும் பஸ்தான்.

அந்த பஸ்ஸும் எல்லா நேரமும் பாதுகாப்பாகப் போய்வரவில்லை. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன எங்கள் மக்களின் பஸ் தொடர்மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கல்லெறிந்தார்கள், வீதியில் டயர் எரித்து மறித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. மக்கள் திரும்பி ஓடாமல் போய் வாக்களித்தார்கள். ஊரில் வீடு இல்லாவிட்டாலும் அங்கே தங்களுக்கு ஒரு வாக்கு இருக்கிறது என்பதற்காகப் போன பயணம் அது.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் அதற்குப் பதில் விளங்கும்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். பங்குக் கிணறு. இரண்டு மூன்று வளவுக்கு ஒரு கிணறு, அதில் ஆளுக்கு ஒரு பங்கு. எங்கள் கிணற்றின் மற்றப் பங்கு ஒரு தமிழ்க் குடும்பத்துக்குரியது. எங்கள் உறுதி 1990இல் வீட்டோடு போய்விட்டது. 2010இல் ஊர் போனபோது வளவின் எல்லை எது என்று எங்களுக்கே நிச்சயமில்லை. வேலி இல்லை, கதியால் இல்லை. பக்கத்து வளவு அக்கா வெளியில் வந்தார். முதலில் இரண்டு பக்கமும் பேச்சு வரவில்லை. பிறகு அவர் உள்ளே போய்த் தங்களுடைய உறுதியின் பிரதியை எடுத்து வந்தார். அதிலே வடக்கெல்லையில் எங்கள் மூத்தவாப்பாவின் பெயர் இருந்தது. கிணற்றில் எங்கள் பங்கும் அதிலே இருந்தது.

நாங்கள் எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த மாமரம் ஒன்று உண்டு. கறுத்தக்கொழும்பான். "எங்கட மரம்" என்றே சொல்லிவந்தோம். அக்கா சிரித்துக்கொண்டு, "அது எங்கட பக்கம் தம்பி, கொப்புத்தான் உங்கட பக்கம் வந்தது" என்றார். உறுதிப்படி அவர் சொன்னதுதான் சரி. மரத்தை இழந்தோம், காணியின் எல்லையைப் பெற்றோம். பின்னர் அலுவலகத்தில் எல்லை காட்ட வேண்டி வந்தபோது சாட்சியாக வந்து நின்றவரும் அவர்தான்.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி அவர்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வலிகாமத்திலிருந்து வெளியேறினார்களாம். எங்களுக்கு நடந்து சரியாக ஐந்து வருடம், அதே திகதி. "அண்டைக்கு நடக்கேக்கை உங்களைத்தான் நினைச்சன்" என்றார். எங்களைத் துரத்தியபோது தெருவில் யாரும் தடுக்கவில்லை என்ற மனக்குறை எங்களுக்கு உண்டு. அது தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எங்களால் அந்தக் குறையை முன்போல வைத்திருக்க முடியவில்லை.

எங்கள் நினைவு பாதிதான் என்பதை அன்று கண்டோம். மற்றப் பாதி பக்கத்து வளவில் இருக்கிறது. சொந்தங்கள் மட்டும் கூடிப் பேசினால் மாமரம் எங்களுடையதாகவே இருந்திருக்கும். போய்ப் பார்த்ததால்தான் பிழை திருந்தியது, உரிமையும் உறுதியானது.

ஆனால் இன்று கவலையும் இருக்கிறது. போன விடுமுறைப் பயணத்தில் சோனகத் தெருவில் நின்றது இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. பள்ளிவாசலில் தொழுகை, ஒஸ்மானியா வாசலில் குழுப்படம், பிறகு கோட்டை, கசூரினா கடற்கரை, ஐஸ்கிரீம், பனங்கட்டி, ஒடியல். பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள், அதில் குற்றமில்லை. ஆனாலும் இரண்டு மணித்தியாலத்தில் விட்டு வந்த ஊரை இரண்டு மணித்தியாலத்தில் பார்த்து முடிப்பது நெஞ்சுக்குள் குத்தியது. முன்பு பஸ்ஸில் ஒழுங்கையைச் சொல்லிக்கொடுத்த பெரியவர்களில் பலர் இன்று இல்லை. எருக்கலம்பிட்டி மண்ணின் மைந்தர், பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா எங்கள் வெளியேற்றத்தைப் பல வருடம் தேடி ஆவணப்படுத்தினார். அவரும் 2018இல் காலமானார். குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வந்தது. எங்கள் வீடுகளில் எத்தனை பேர் அதை விரித்துப் பார்த்திருக்கிறோம்?

இன்னொரு பயமும் உண்டு. வருடாவருடம் வந்து போகிறார்கள், திருப்தியோடு திரும்புகிறார்கள், இவர்களுக்கு இனி மீள்குடியேற்றம் எதற்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பயணம் வேறு, மீள்குடியேற்றம் வேறு. வர முடியாதவர் வரவில்லை என்பதற்காக அவருடைய காணியும் வாக்கும் இல்லாமல் போவதில்லை.

ஆகவே அடுத்த பயணத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு மொனிட்டர் கொப்பி இருக்கட்டும். ஒழுங்கைக்கு ஒரு பக்கம். யாருடைய வீடு, பக்கத்தில் யார், என்ன தொழில், கிணறு யாரோடு பங்கு. எழுதுவது எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், சொல்வது பெரியவர்கள். ஊருக்குப் போனதும் அந்தப் பக்கத்தைப் பக்கத்து வீட்டுத் தமிழ் உறவுகளிடம் காட்டுங்கள். அவர்கள் திருத்துவதை வேறு நிறப் பேனையால் எழுதுங்கள். கடற்கரைக்கு ஒரு மணித்தியாலம் குறைந்தால் குறையட்டும்.

அந்த மாணவனுக்கு அன்று திரும்பி வரும் வழியில்தான் பதில் சொன்னோம். "மகன், கொப்பியில எழுதிக்கொண்டு வந்தா ஊருக்குப் போனது. எழுதாம வந்தா ட்ரிப்." அவன் சிரித்தான். பிறகு பக்கத்தில் இருந்த மூத்தம்மாவிடம் திரும்பி, ஐந்து சந்தியிலிருந்து அவருடைய வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டான். மதவாச்சி வரும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஊரை விட்டு வந்து, ஊர் பார்க்காமலே மௌத்தான எங்கள் பெரியவர்களின் கப்ருகளை அல்லாஹ் வெளிச்சமாக்குவானாக. கிணற்றில் எங்கள் பங்கைக் காத்துத் தந்த அயலவர்களுக்கு நல்வாழ்வைக் கொடுப்பானாக. ஆமீன்.

உங்கள் ஒழுங்கையின் பெயரையும் அயலவர்களைப் பற்றிய நினைவையும் கீழே எழுதுங்கள். கொப்பியின் முதல் பக்கம் அதுவாகவே இருக்கட்டும்.